பீ அம்மாவும் நம் வீட்டு நன்னிமார்களும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற குடும்ப நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை. அன்று வர இயலாத அங்கத்தினர்களுக்காக இங்கு இடம்பெறுகிறது.)





ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கிறோம். பள்ளிவாசல் பராமரிப்பு, மதரஸா உஸ்தாத்மார்களின் ஊதியம், மையவாடிச் சுற்றுச்சுவர் என்று ஒவ்வொன்றாக ஒப்புதல் பெறுகிறோம். இறுதியில், அவ்வாண்டில் நம் மஹல்லாவில் மறைந்தவர்களின் பெயர்களைச் சொல்லி துஆச் செய்கிறோம். அப்பட்டியலை இவ்வாண்டு வாசித்தபோது ஒன்று நம் மனத்தை உறுத்தியது. ஆண்களுக்கு அவர்தம் பெயர், தகப்பனார் பெயர், செய்த தொழில், வகித்த பொறுப்பு யாவும் குறிக்கப்பட்டிருந்தன. பெண்களுக்கோ, ‘இன்னாரின் தாயார்’, ‘இன்னாரின் மனைவி’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் வாழ்ந்த ஒருவரின் வாழ்வு அரை வரியில் முடிந்துவிட்டது.

அந்த அரை வரிக்குள் அடங்கியிருந்தவர்களில் ஒருவர், நம்மில் பலரும் ‘இடியாப்ப நன்னி’ என்று அன்போடு அழைத்த மூதாட்டி. குடும்பத்தார் விரும்பாததால் அவர்தம் பெயரை இங்குச் சொல்லவில்லை. ஆயினும் அவரது தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்ல அவர்தம் மக்கள் இசைவு தந்திருக்கிறார்கள். அப்பெட்டியிலிருந்துதான் இன்றைய உரை தொடங்குகிறது.

தகரப் பெட்டியில் இருந்தவை

நன்னி இளம் வயதில் கணவரை இழந்தவர். மூன்று பெண்மக்கள், ஓர் ஆண்மகன். வைகறைத் தொழுகைக்கு நாம் பள்ளிக்கு வரும் வேளையில் அவர் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். தொழுது திரும்பும்போது வாழையிலையில் சுற்றிய இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வாங்கிச் செல்வோம். சில்லறை இல்லையென்றால், “நாளைக்குக் கொடு வாப்பா” என்பார். நாளை மறந்துபோனால் நினைவூட்டமாட்டார். இவ்வளவே நாம் அவரைப் பற்றி அறிந்தது.

அவர் மறைந்து நாற்பது நாட்களுக்குப் பின் பிள்ளைகள் அவரது தகரப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு தொழுகைத் துப்பட்டி, தம் தாயார் ஓதிய பழைய முஸ்ஹஃப், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், அவற்றோடு நூலால் கட்டிய ஒரு கட்டு அடகுச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் அரபு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. துஆவாக இருக்கலாம் என்று கருதி நம் இமாம் ஹஜ்ரத் அவர்களிடம் கொண்டுவந்து காட்டினார்கள். ஹஜ்ரத் வாசித்துப் பார்த்தார். எழுத்து அரபு, மொழி தமிழ். ‘பெரியவள், பத்தாம் வகுப்பு.’ ‘நடுவுள்ளவள், டீச்சர் படிப்பு.’ ‘தம்பி, ஹாஸ்டல் பணம்.’ நன்னிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவரல்லர். சிறுமியாக இருந்தபோது ஓதக் கற்ற அரபு எழுத்துகளைக் கொண்டு, நம் முன்னோர் வழங்கிய அரபுத் தமிழில், தம் வாழ்நாள் கணக்கை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஜமாஅத் கணக்கைத் தணிக்கை செய்ய நமக்குத் தணிக்கையாளர் உண்டு. நன்னியின் கணக்கை யாரும் தணிக்கை செய்யவில்லை. அதை இறைவன் மட்டுமே பார்த்திருக்கிறான்.

அச்சீட்டுகளை ஹஜ்ரத் வாசித்துக் கேட்டபோது, நூறாண்டுகளுக்கு முன் வடநாட்டில் வாழ்ந்த இன்னொரு தாய் நம் நினைவுக்கு வந்தார். அவரும் பள்ளி சென்றவரல்லர். அவரும் இளம் விதவை. அவரும் நகையை அடகு வைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவர்தாம் மௌலானா ஷௌகத் அலி, மௌலானா முஹம்மது அலி சகோதரர்களின் அன்னையார், நாடு முழுவதும் ‘பீ அம்மா’ என்று அழைத்த ஆபாதி பானு பேகம் அவர்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு இன்று அப்பெயர் தெரியாது. ஆகவே அவர்தம் நெடிய வாழ்வைச் சற்று விரிவாக நினைவுகூர விரும்புகிறோம்.

இராம்பூரின் இளம் விதவை

பீ அம்மா 1850 ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். 1857 இல் பெருங்கிளர்ச்சி மூண்டபோது அவர் சிறுமி. டில்லியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் அடைந்த அழிவின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் அடங்கிய இராம்பூர், அந்நாளில் நவாப் ஆண்ட சமஸ்தானம். அங்கு அலுவல் பார்த்த அப்துல் அலீ கான் அவர்களுக்கு அவர் வாழ்க்கைப்பட்டார். ஐந்து ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். ஷௌகத் அலி பிறந்தது 1873 இல். முஹம்மது அலி பிறந்தது 1878 டிசம்பரில்.

கடைக்குட்டி முஹம்மது அலிக்கு இரண்டு வயது நிறைவதற்குள் கணவர் காலமானார். காலரா அவரைக் கொண்டுபோயிற்று. பீ அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுக்குள்ளாகவே இருக்கும். மறுமணம் செய்துகொள்ளுமாறு உற்றார் கூறியதை அவர் ஏற்கவில்லை. பிள்ளைகளை வளர்ப்பதே தம் பணி என்று அமைந்தார். எளிய உடை, எளிய உணவு. வீட்டுச் செலவை இறுக்கிப் பிடித்து நடத்தினார். சொத்தின் நிர்வாகம் பிள்ளைகளின் சிறிய தந்தையார் கையில் இருந்தது.

அக்காலத்தில் ஆங்கிலப் படிப்பு என்பது நம் சமுதாயத்தில் பெரும் சர்ச்சைக்குரிய ஒன்று. சர் சையிது அஹ்மது கான் 1875 இல் அலிகாரில் கல்விக்கூடம் தொடங்கியபோது அவருக்கு எதிராக எழுந்த கண்டனங்களை நாம் அறிவோம். ஆங்கிலம் படித்தால் பிள்ளை மார்க்கத்தை விட்டு விலகிவிடுவான் என்று உண்மையாகவே அஞ்சினார்கள். பிள்ளைகளின் சிறிய தந்தையாரும் அவ்வாறே அஞ்சினார். ஆங்கிலப் பள்ளிக்குச் சொத்திலிருந்து பணம் தர மறுத்துவிட்டார்.

பீ அம்மா வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பணிப்பெண் ஒருவர் மூலம் தம் நகையை இரகசியமாக அடகு வைத்தார். அப்பணத்தைக் கொண்டு பரேலியில் இருந்த ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகள் சென்றார்கள். பின்னர் அலிகார் சென்றார்கள். ஷௌகத் அலி அங்குக் கிரிக்கெட் அணித் தலைவராகவும் விளங்கினார். 1898 இல் முஹம்மது அலி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் லிங்கன் கல்லூரிக்குப் படிக்கச் சென்றார். அரசு அலுவலில் அமர்ந்திருந்த ஷௌகத் அலி தம் ஊதியத்திலிருந்து தம்பிக்கு உதவினார். ஒரு தாய் தம் நகையைக் கழற்றினார். அதைக் கண்ட அண்ணன் தம் ஊதியத்தைத் தம்பிக்குக் கொடுத்தார். வீட்டில் ஒருவர் தொடங்கினால் அது அவரோடு நிற்பதில்லை.

ஆக்ஸ்போர்டில் படித்த மகன் பின்னாளில் சிறையிலிருந்து எழுதிய தன் வரலாற்றில், தம் தாய் ஏறத்தாழ எழுத்தறிவற்றவர் என்பதை மறைக்கவில்லை. அதே இடத்தில், தாம் சந்தித்த எல்லா வகை மனிதர்களிலும் அவரைவிட அறிவுடையவரையோ இறைநெருக்கம் உடையவரையோ தாம் கண்டதில்லை என்ற கருத்தையும் பதிவு செய்துள்ளார். எத்தனை சபைகளைக் கண்டவர், எத்தனை தலைவர்களோடு பழகியவர்! அவர் அளித்த சான்று இது.

மன்னிப்புக் கடிதம் கேட்டபோது

முஹம்மது அலி 1911 இல் கல்கத்தாவில் ‘காம்ரேட்’ ஆங்கில இதழைத் தொடங்கினார். அது பின்னர் டில்லிக்கு மாறியது. 1913 இல் ‘ஹம்தர்த்’ உருது நாளிதழும் வெளிவந்தது. முதல் உலகப் போர் மூண்டது. துருக்கிக்கு ஆதரவாக எழுதியதும் பேசியதும் ஆங்கில அரசுக்குப் பொறுக்கவில்லை. 1915 இல் சகோதரர்கள் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். சில இடங்களுக்கு மாற்றப்பட்டு, இறுதியில் மத்திய மாகாணத்துச் சிந்த்வாடா என்னும் ஊரில் நெடுங்காலம் வைக்கப்பட்டார்கள். அறுபத்தைந்து வயதை எட்டிய பீ அம்மா வீட்டில் அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. பிள்ளைகளோடு சென்று அவ்வூரில் தங்கினார்.

1917 இல் அரசு ஒரு வாய்ப்பைக் கொண்டுவந்தது. போர் முடியும்வரை அரசுக்கு எதிராக எதுவும் செய்யமாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிட்டால் விடுதலை. அதிகாரி ஒருவர் அக்கடிதத்தோடு வந்தார். திரைக்குப் பின்னிருந்து கேட்டுக்கொண்டிருந்த பீ அம்மா தலையிட்டார். மார்க்கத்திற்கும் மனசாட்சிக்கும் மாறாக என் பிள்ளைகள் கையொப்பமிட்டால், அவர்கள் குரல்வளையை நெரிக்கும் வலிமையை இம்முதிய கைகளுக்கு இறைவன் தருவான் என்னும் பொருள்பட அவர் கூறியது நாடெங்கும் பரவிற்று. கடிதத்தில் அவர்கள் அரசு கேட்டவாறு கையொப்பமிடவில்லை. 1919 டிசம்பர்வரை காவல் நீடித்தது.

நம்மில் தாய்மார்கள் இருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் மகன் இன்று வீடு திரும்புவான் என்னும் நிலையில், போடாதே என்று சொல்வதன் பாரத்தை நீங்கள் அறிவீர்கள். அது கல்நெஞ்சின் சொல்லன்று. தம் பிள்ளை தலைகுனிந்து திரும்பி வருவதைக் காணப் பொறாத நெஞ்சின் சொல்.

அதே 1917 இல் அன்னி பெசண்ட் அம்மையார் நம் சென்னை மாகாணத்து உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அவரது விடுதலைக்கும் அலி சகோதரர்களின் விடுதலைக்குமான கிளர்ச்சி ஒன்றாகவே நடந்தது. பீ அம்மா அதில் பங்குகொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் முஸ்லிம் லீக் மாநாடு கல்கத்தாவில் கூடியது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த முஹம்மது அலி காவலில் இருந்தார். தலைவரின் நாற்காலியில் அவரது படம் வைக்கப்பட்டது. மகன் அமர வேண்டிய அவையில், புர்க்கா அணிந்தவாறே தாய் உரையாற்றினார். ஆயிரக்கணக்கான ஆண்கள் கூடிய அரசியல் மேடையில் ஒரு முஸ்லிம் மூதாட்டி பேசுவது அந்நாளில் கேள்விப்படாத நிகழ்ச்சி.

நாட்டுக்கே தாயானவர்

கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் இணைந்து நடந்த ஆண்டுகள் வந்தன. 1920 ஆகஸ்டில் மகாத்மா காந்தியும் ஷௌகத் அலியும் சென்னை, ஆம்பூர், கும்பகோணம், நாகூர், திருச்சி எனத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்தார்கள். அந்த ஊர்களின் முதியோர் வழியே அந்நினைவு அடுத்த தலைமுறைக்கும் வந்தது.

1921 செப்டம்பர் 14 அன்று, காந்தியடிகளோடு சென்னைக்கு இரயிலில் வந்துகொண்டிருந்த முஹம்மது அலி, வால்டேர் நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அவர்தம் துணைவியார் அம்ஜதி பேகம் கலங்கி ஊர் திரும்பாமல், காந்தியடிகளோடு பயணத்தைத் தொடர்ந்தார். மாமியார் எவ்வழியோ மருமகளும் அவ்வழியே. அப்பயணத்தின்போதே, செப்டம்பர் 22 அன்று மதுரையில், காந்தியடிகள் ஏழை உழவனின் அரையாடையைத் தம் உடையாக ஏற்றார்.

கராச்சியில் வழக்கு நடந்தது. சகோதரர்கள் இருவருக்கும் இரண்டாண்டுச் சிறை. தாய் மகனிடம் உறுதி குலையாதே என்று கூறுவதாக அமைந்த உருதுப் பாட்டு ஒன்று அந்நாளில் வடநாட்டுத் தெருக்களிலெல்லாம் ஒலித்தது. மக்கள் பாடிய அத்தாய் எழுபதைக் கடந்தவர். அவ்வயதில் அவர் ஊர் ஊராகச் சென்றார். பெண்கள் கூட்டங்களில் பேசினார். கதர் உடுத்துமாறும், திலகர் சுயராஜ்ய நிதிக்குப் பொருள் தருமாறும் கேட்டார். இந்து முஸ்லிம் ஒற்றுமை குலைந்தால் எதுவும் நிலைக்காது என்பதைப் போகுமிடமெல்லாம் சொன்னார். பஞ்சாபில் நடந்த ஒரு பெருங்கூட்டத்தில் தம் முகத்திரையை விலக்கி, இங்குள்ள அனைவரும் என் பிள்ளைகளே என்னும் கருத்தில் பேசினார். வாழ்நாள் முழுவதும் பர்தா பேணிய ஒருவர் முதுமையில் எடுத்த முடிவு அது. அதைக் குறித்து வெவ்வேறு கருத்துகள் கொள்வோர் உண்டு. ஆனால் அவரைத் தாய் என்று ஏற்காதவர் அக்கூட்டத்தில் இருந்திருக்கமாட்டார்.

1923 டிசம்பரில் காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு முஹம்மது அலி தலைமை தாங்கினார். நகையை அடகு வைத்துப் படிக்க அனுப்பிய பிள்ளை நாட்டின் பெரும் பேரவைக்குத் தலைவரானதைக் காண அத்தாய்க்கு ஆயுள் வாய்த்தது. மறு ஆண்டு மார்ச்சில் துருக்கியில் கிலாபத் ஒழிக்கப்பட்டதைக் காணவும் அதே ஆயுள் வாய்த்தது. எதற்காகப் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பினாரோ அது அவர் கண்முன்னே இல்லாமற்போயிற்று. 1924 செப்டம்பரில், இரு சமுதாயத்தாரின் கலவரங்களைக் கண்டு மனம் நொந்த காந்தியடிகள், டில்லியில் முஹம்மது அலியின் இல்லத்தில்தான் 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அவ்வாண்டு நவம்பர் 13 அன்று பீ அம்மா மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். முதுமையிலும் இளமையின் ஊக்கம் குன்றாதவர் என்று காந்தியடிகள் தம் ‘யங் இந்தியா’ இதழில் அவரைப் போற்றி எழுதினார். பாகிஸ்தான் அரசு 1990 இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

நெடிய வாழ்வு என்பது நல்லவற்றை மட்டும் காண்பதன்று. எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு ஆண்டுகளில் அவர் கணவரைப் புதைத்தார், பிள்ளைகள் கைதானதைக் கண்டார், வெற்றியைக் கண்டார், தோல்வியையும் கண்டார். இத்தனைக்கும் நடுவே ஆடாமல் நின்ற அவரைப் பற்றிக்கொண்டே அக்குடும்பம் நின்றது.

நாம் நம்மையே கேட்க வேண்டியவை

அன்பிற்குரியவர்களே! பீ அம்மாவின் வரலாற்றைக் கேட்டு ‘எத்தகைய தியாகம்!’ என்று வியப்பது எளிது. நம் நன்னியின் அடகுச் சீட்டுகளைக் கேட்டபோதும் நாம் அவ்வாறே வியந்தோம். சிலர் கண் கலங்கினோம். ஆனால் தியாகத்தைப் புகழ்வதற்கு ஒரு காசும் செலவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நன்னியின் மூத்த மகள் பத்தாம் வகுப்புக்குச் செல்லவிருந்த ஆண்டில், நம் ஜமாஅத்தின் அந்நாள் பெரியவர்கள் சிலர் அவர் வீட்டுக்குச் சென்று, வயதுக்கு வந்த பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்துவிடலாமே என்று அறிவுரை கூறியிருக்கிறார்கள். இதை அம்மகளே நம்மிடம் தெரிவித்தார். அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. “அவங்க எங்க மேல உள்ள அக்கறையிலதான் சொன்னாங்க. அம்மா வாசல் வரைக்கும் வந்து சலாம் சொல்லி அனுப்பிவெச்சாங்க. மறுநாள் காலையில பீஸ் கட்டிட்டாங்க” என்றார்.

அப்பெரியவர்கள் தீயவர்களல்லர். இராம்பூரில் பணம் தர மறுத்த சிறிய தந்தையாரும் தீயவரல்லர். இருவரும் நன்மையை எண்ணியே பேசினார்கள். ஆயினும் நன்மையை எண்ணிப் பேசிய அவர்களால் அந்தத் தாய்மார்களுக்கு நேர்ந்தது என்ன? பக்கத்தில் நின்று கைகொடுக்க வேண்டியவர்களுக்குத் தெரியாமல், ஒளித்து ஒளித்து நகையைக் கொண்டுபோக நேர்ந்தது. அன்று சென்றவர்களில் நம் தகப்பன்மாரும் இருந்தார்கள். ஆகவே இதைப் பிறர் குறையாகச் சொல்லவில்லை. நம் வீட்டுக் குறையாகவே சொல்கிறோம்.

திருக்குர்ஆனில் பெண்கள் பெயரால் அமைந்த அந்நிஸா அத்தியாயம் தொடங்கியதுமே அநாதைகளின் பொருளைக் குறித்து எச்சரிக்கிறது. நம் நாயகம் (ஸல்) அவர்கள் தந்தையைக் காணாமலே பிறந்தவர்கள். நம்மில் பலர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைத் தந்தையின்றி வளர்த்து, மக்காவுக்கு அழைத்துச் சென்று கல்வி கற்கச் செய்தவர் வறுமையில் வாடிய அவர்தம் தாயாரே. இவற்றையெல்லாம் மேடைதோறும் கேட்டுக்கொண்டே, நம் தெருவில் உள்ள விதவைத் தாய் அடகுக்கடைப் படியேறுவதைக் காணாதிருந்தோம்.

இவ்வாண்டு நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களைச் சொல்லவில்லை. நம் சக்திக்கு உட்பட்ட நான்கினை மட்டும் இம்மன்றத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன், நம் மஹல்லாவில் தந்தையை இழந்த பிள்ளைகள் உள்ள வீடுகளின் பட்டியலை நிர்வாகம் தயாரிக்க வேண்டும். பைத்துல்மாலிலிருந்து கல்விக் கட்டணம் நேரே பள்ளிக்குச் செலுத்தப்பட வேண்டும். எந்தத் தாயும் அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நின்று கேட்கும் நிலை கூடாது. பெண்பிள்ளை, ஆண்பிள்ளை என்ற வேறுபாடும் கூடாது.

இரண்டாவது, அடுத்த ஆண்டறிக்கையிலிருந்து, குடும்பத்தார் விரும்பினால், மறைந்த பெண்களின் பெயரும் அவர்தம் வாழ்வைப் பற்றிய நான்கு வரிகளும் இடம்பெற வேண்டும். குர்ஆன் ஓதிக்கொடுத்தவர், பிரசவம் பார்த்தவர், மையித்துக் குளிப்பாட்டியவர், கைத்தொழில் செய்து குடும்பம் காத்தவர் என்று எழுத நம்மிடம் எவ்வளவோ உண்டு.

மூன்றாவது, இது இளைஞர்களுக்கு. உங்கள் கைபேசியில் ஒலிப்பதிவு வசதி உள்ளது. இன்றிரவே உங்கள் நன்னியின் அருகில் அமர்ந்து, “நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப எப்படி இருந்துச்சு?” என்று கேளுங்கள். அவர் பேசுவதைப் பதிந்து வையுங்கள். பீ அம்மாவின் கதையை அவர் மகன் சிறையிலிருந்து எழுதி வைத்தார். அதனால் நூறாண்டு கழித்தும் நாம் அறிகிறோம். வீட்டில் அரபு எழுத்தில் உள்ள பழைய தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவை அரபுத் தமிழாக இருக்கலாம். அதை வாசிக்கத் தெரிந்தோர் குறைந்து வருகிறார்கள். ஹஜ்ரத் அவர்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.

நான்காவது, சகோதரிகளுக்கும் தாய்மார்களுக்கும் ஷரீஅத் அளித்துள்ள பங்கினை உரிய நேரத்தில் கொடுத்துவிடுங்கள். மஹரையும் வாரிசுப் பங்கையும் பேச்சளவில் நிறுத்திவிட்டு, அவர்கள் ‘விட்டுக்கொடுத்துவிட்டார்கள்’ என்று நாமே முடிவு செய்துகொள்வது நியாயமன்று. தம் உரிமைப் பொருள் தம் கையில் இருந்திருந்தால், இராம்பூரிலும் நம் ஊரிலும் அத்தாய்மார்கள் ஒளித்து அடகு வைக்க நேர்ந்திராது.

திருப்பப்படாத ஒரு சீட்டு

முடிக்குமுன் ஒன்று. நன்னியின் கட்டில் இருந்த சீட்டுகளில் ஒன்றைத் தவிர ஏனையவை எல்லாம் பணம் கட்டித் திருப்பப்பட்டவை. மீட்ட தேதியும் குறிக்கப்பட்டிருந்தது. ஒன்றில் மட்டும் அக்குறிப்பு இல்லை. அது அவரது காதில் கிடந்த அலுக்கத்துக்கான சீட்டு. பின்புறத்தில், ‘சின்னவள், நர்ஸ் படிப்பு’ என்று எழுதியிருந்தது.

நன்னியின் வெறுங்காதுகளை நாம் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறோம். கணவரை இழந்தவர், ஆதலால் நகை அணிவதில்லை என்றே எண்ணியிருந்தோம். அவரும் நம்மைத் திருத்தவில்லை. அச்சின்ன மகள் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். நம் தெருவில் நள்ளிரவில் யாருக்கேனும் மூச்சுத்திணறல் என்றால் முதலில் தட்டப்படும் கதவு அவருடையது. நம்மில் எத்தனை பேரின் பெற்றோருக்கு அவர் கை நாடி பார்த்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த அலுக்கத்து நன்னிக்குத் திரும்பவில்லை. அதன் பயனை நம் மஹல்லா முழுவதும் அனுபவித்திருக்கிறது. அந்தக் கடன் நம்மீது இருக்கிறது. அதை நன்னிக்குத் திருப்பிச் செலுத்த இயலாது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கல்விக் கட்டணமாகச் செலுத்த இயலும்.

பீ அம்மா, நம் நன்னி, இவ்வாண்டில் நம்மைவிட்டுப் பிரிந்த தாய்மார்கள், தந்தைமார்கள் அனைவரின் பிழைகளையும் எல்லாம் வல்ல அல்லாஹ் பொறுத்து, அவர்தம் கபுருகளை ஒளிமயமாக்கி, சுவனபதியில் உயர்ந்த இடம் அளிப்பானாக! இன்னும் நம்மோடு இருக்கும் முதியோருக்கு நல்ல சுகத்தை அளிப்பானாக! அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் கேட்கவும், அறியவும், துணை நிற்கவும் நமக்கு நற்பேறு தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.